நல்ல மெத்தை

வாருங்கள் கண்ணுகளா, இப்படிக் கிட்டத்தில் வந்து உட்காருங்கள். காலை நீட்ட வேண்டியவர்கள் தாராளமாக நீட்டிக்கொள்ளலாம், யாரும் மரியாதை பார்க்க வேண்டாம். முட்டி வலிக்கிறவர்களுக்கென்றே எடுத்து வைத்திருந்த கதை இது. ராஜா கதை இல்லை, ஒரு முதலாளியின் கதை. அந்த முதலாளிக்கு நாலு கால், ஒரு வால். நடுவில் கண் அசந்தாலும் பரவாயில்லை, கதை முழுக்க மெத்தைதான் வருகிறது. முடிகிற நேரத்தில் நானே தட்டி எழுப்பிவிடுகிறேன்.

ஒரு தெருவில் ஒரு மெத்தைக் கடை இருந்தது. முன்னால் கடை, நடுவில் பஞ்சு அறை, பின்னால் வீடு. பஞ்சு அறையின் கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் பஞ்சு கேட்குமா? ஜன்னல் கம்பியில் தாடி வளர்க்கும். தொங்குகிற விளக்குக்குக் குல்லாய் போடும். அந்த வீட்டில் பாலை ஊதிக் குடிப்பார்கள். சூட்டுக்காக அல்ல, பஞ்சுக்காக. வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும் நேரத்தில் அறை முழுக்கத் தூசும் பஞ்சும் எழும்பி மிதக்கும்போது, உள்ளே வேலை பார்க்கிறவர்கள் தண்ணீருக்கடியில் நடமாடுகிறவர்கள் மாதிரித் தெரிவார்கள்.

மெத்தைக்காரர் கனத்த உடம்புக்காரர். காலமெல்லாம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தைத்து, முட்டி இரண்டும் துருப்பிடித்த கீல் மாதிரி ஆகியிருந்தது. அவர் மனைவி தையல் மிஷினில் உறை தைப்பாள். அவள் வேகத்துக்கு அவர் ஈடுகொடுக்க மாட்டார், அவர் பொறுமைக்கு அவள் ஈடுகொடுக்க மாட்டாள். அப்படியே காலம் ஓடியது.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. மெத்தைக்காரன் உடம்பு மெத்தையில் படக்கூடாது. படுத்துப் பார்த்த மெத்தை பழைய மெத்தை. அதைப் புதிது என்று விற்பது பாவம். அதனால் மெத்தையைக் கையால்தான் பார்ப்பார்கள். உள்ளங்கையை விரித்து வைத்து ஓர் அழுத்து. கை முங்கினால் நல்ல மெத்தை, கை நின்றால் கெட்ட மெத்தை. ஊருக்கெல்லாம் மேகம் தைத்துக் கொடுத்த அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் படுத்தது பலகைக் கட்டிலில், ஒரு போர்வையை நாலாக மடித்துப் போட்டு. மெத்தையில் படுத்தால் எப்படியிருக்கும் என்று அவர்களைக் கேட்டிருந்தால், பசுவிடம் தயிர் ருசி கேட்ட மாதிரிதான் விழித்திருப்பார்கள்.

முதலாளி அந்த வீட்டுக்கு வந்தது ஒரு பழைய மெத்தைக் குவியலோடு. மெத்தைக்காரர் பிரித்துப்போட்ட பஞ்சை அடிக்கக் கம்பை ஓங்கினார். பஞ்சு தும்மியது. கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கையை விட்டுத் துழாவினால், உள்ளே கண் திறந்தும் திறக்காத ஒரு குட்டி. எந்தத் தாய் எங்கே போட்டாளோ, அது பஞ்சையே தாயென்று நினைத்து முட்டிக்கொண்டிருந்தது. வளர்ந்ததும் வெல்ல நிறத்தில், அகலமான நெஞ்சோடு பெரிய நாயாக நின்றது. கடை வாசலில் இருந்த ஒரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. வருகிறவர்கள், "முதலாளி இருக்காரா?" என்று கேட்பார்கள். மெத்தைக்காரரின் மனைவி மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதோ, உக்காந்திருக்காரே, தெரியலையா?" என்பாள். அந்தப் பேரே நிலைத்துவிட்டது. முதலாளியை 'அது' என்று சொன்னால் அந்த வீட்டில் முகம் கோணும். நாமும் 'அவன்' என்றே சொல்வோம்.

அந்த முதலாளி ஒருநாள் நாற்காலியில் ஏறவில்லை.

முன்னங்காலை இருக்கையில் வைத்தான், யோசித்தான், எடுத்துவிட்டான். நாற்காலியின் கீழே படுத்துக்கொண்டான். மறுநாளும் அப்படியே. முந்தின வாரம் தலையணையைக் கடித்ததற்கு அவள் திட்டியிருந்தாள். அந்த ரோஷம் என்றே நினைத்தார்கள். அவள் சமாதானமாக வெண்ணெய் தடவிய ரொட்டியை நாற்காலியில் வைத்தாள். அவன் தலையை மட்டும் நீட்டி ரொட்டியை எடுத்துக்கொண்டு கீழேயே இருந்தான். ரோஷக்காரன் ரொட்டியைத் தின்பானா என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. பிறகு காலையில் எழும்போது முனகினான். முயல் மாதிரிப் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துத் துள்ளி நடந்தான். மழை பிடித்த ஒருநாள், ஈரக் காலோடு வழவழத்த தரையில் திரும்பியவன் பின்பக்கம் இரண்டாகப் பிளந்த மாதிரி வழுக்கி விழுந்தான். விழுந்தவன் கத்தவில்லை. தன்னை யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தான். மெத்தைக்காரர் பார்த்துவிட்டார். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரவர் மானம் அவரவருக்கு.

அன்றைக்கே மனைவியின் தம்பி வண்டியை எடுத்துவந்தான். அவர்கள் தைக்கிற மெத்தைகளை வீடுவீடாகக் கொண்டுபோய் இறக்குகிறவன் அவன்தான். மெத்தை ஏறுகிற வண்டியிலேயே முதலாளியையும் ஏற்றிக்கொண்டு பிராணி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா தலை நரைத்தவர், கை மட்டும் சின்னப் பெண்ணின் கை.

"பேர் சொல்லுங்க."

"முதலாளிங்க."

"உங்க பேரைக் கேக்கலை ஐயா. நாய் பேரு."

"அவன்தாங்க முதலாளி. நான் அவன்கிட்ட வேலை பாக்குறவன்."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அவன் காலை மடக்கினார், நீட்டினார். இடுப்புக்கிட்ட வந்ததும் அவன் திரும்பி அவர் கையை வாயால் பிடித்தான். கடிக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டான். பிறகு எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் மாட்டினார்கள். கறுப்பு வானத்தில் வெள்ளை எலும்பு. மெத்தைக்காரருக்கு அது தன் நாயின் உள்பக்கம் என்றே படவில்லை. மழைக்கு முந்தைய மேகம் மாதிரி இருந்தது.

"இங்க பாருங்க. கிண்ணத்துல பந்து மாதிரி உக்காரணும். பந்து சப்பையாயிடுச்சு, கிண்ணமும் ஓரம் போயிடுச்சு. இடுப்புல ரெண்டு பக்கமும் மூட்டு தேஞ்சிருக்கு. முட்டியிலயும் கொஞ்சம்."

"மூட்டுதானே டாக்டரம்மா? பிரிச்சுத் திரும்ப மூட்டிடலாமே?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. துணிக்காரர்களுக்கு மூட்டு என்றால் இரண்டு துணி சேர்கிற தையல். அவர் வாழ்நாளில் பிரித்துத் தைக்க முடியாத மூட்டை அவர் பார்த்ததில்லை.

"துணியா இருந்தா பண்ணலாம் ஐயா," என்றார் டாக்டரம்மா, கொஞ்சம் மெதுவாக. வயதும் ஆகிவிட்டது, இதயத்திலும் சத்தம் கேட்கிறது, மயக்க மருந்து தாங்காது, ஆபரேஷன் பேச்சே வேண்டாம் என்றார். தேய்ந்த எலும்பு வளராது, வலியைக் குறைக்கலாம். சாப்பாட்டோடு கொடுக்க மாத்திரை. மனுஷங்க மாத்திரையைக் கைவைத்தியமாகக் கொடுத்துவிடாதீர்கள், விஷம். உடம்பு இளைக்க வேண்டும், ரொட்டி வெண்ணெய் கட். ஒரேயடியாக நடக்க வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நடத்துங்கள். இடுப்புக்கு இதமாக ஒத்தடம். தரை வழுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தம்பிக்காரன் தலையாட்டினான், அக்காக்காரி விரல் மடக்கினாள். மெத்தைக்காரர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியாகச் சொன்னது மட்டும் அவர் காதில் விழுந்தது.

"முக்கியமா வெறுந்தரையில படுக்க விடாதீங்க. நல்ல மெத்தையா ஒண்ணு போடுங்க." சொல்லிவிட்டு டாக்டரம்மாவே சிரித்தார். "அதை உங்களுக்கா சொல்லணும்?"

சொல்லியிருக்கலாம் கண்ணுகளா. இன்னும் ஒரே ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் மீனுக்கு நீச்சல் சொல்லித்தருகிறோமே என்று அவருக்குக் கூச்சம்.

வீட்டுக்கு வந்ததும் மெத்தைக்காரர் கடைக் கதவைச் சாத்தினார். தைக்கவேண்டிய மெத்தைகளை ஓரமாகத் தள்ளினார். பரண்மேல் ஒரு மூட்டை இலவம் பஞ்சு இருந்தது. விலை சொல்லி யாருக்கும் கொடுக்க மனம் வராமல் அவர் எடுத்துவைத்திருந்தது; கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இருக்காது. அதைப் பிரித்து, விதை பொறுக்கி, தூசி தட்டி, மழைக்காலமானதால் அடுப்பு மூலையில் காயவைத்தார். பஞ்சு அடிக்கிற மிஷினில் போடவில்லை. நார் அறுந்துவிடும் என்று விரலாலேயே உதிர்த்தார். அவர் மனைவி இருப்பதிலேயே மெல்லிய துணியில் உறை தைத்தாள். ஓரத்துக்கு நீலக் கரை வேறு வைத்தாள்.

"நாய்க்கு எதுக்கும்மா கரை?"

"முதலாளிக்கு நீங்க மெத்தை தைக்கலாம், நான் கரை வைக்கக் கூடாதா?"

அடைத்தார்கள். கம்பால் தட்டாமல் கையால் தடவித் தடவிப் பரப்பினார். நீள ஊசியால் குத்தி எடுக்கும்போதும் நூலை இழுத்துக் கட்டவில்லை. பஞ்சு மூச்சுவிட வேண்டுமாம். எல்லாம் முடிந்து உள்ளங்கையை விரித்து வைத்து அழுத்தினார். கை போய்க்கொண்டே இருந்தது. மணிக்கட்டு மறைந்தது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வேலையை அவள் வாய்விட்டுப் புகழ்ந்ததில்லை. அன்றைக்குக் குறை சொல்லாமல் விட்டதே பெரிய புகழ்ச்சி.

முதலாளியை அதில் விட்டார்கள். அவன் ஒரு சுற்றுச் சுற்றினான், மடங்கினான், காணாமல் போனான். வெல்ல நிறத்தில் இரண்டு காதும் மூக்கும் மட்டும் வெளியே தெரிந்தன. பெருமூச்சு ஒன்று விட்டான் பாருங்கள், கேட்ட இரண்டு பேருக்கும் தங்கள் உடம்பு வலியே இறங்கின மாதிரி இருந்தது. வெளியே மழை. உள்ளே அவன் தூக்கத்தில் கால்களை உதைத்துக்கொண்டு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தான். புருஷனும் பெண்டாட்டியும் சுவரில் சாய்ந்து, ஆளுக்கொரு கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, அவன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் அப்படியொரு சாயங்காலம் அதற்கு முன் வந்ததில்லை.

காலையில் அவனால் எழ முடியவில்லை.

முன்னங்காலை ஊன்றினான். கால் உள்ளே போனது. இன்னொரு காலை ஊன்றினான். அதுவும் போனது. பின்பக்கம் அசையவே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அவரைப் பார்த்தான். தரையில் படுத்த வரைக்கும் முனகிக்கொண்டாவது எழுந்தவன்தான். 'டாக்டரம்மா சொன்னது சரி, நோய் முற்றுகிறது' என்று நினைத்தார் மெத்தைக்காரர். தம்பிக்காரன் வந்து கையைக் கொடுத்துத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோனான். மறுநாளும் தூக்கினான். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

எழ முடியாதவன் என்ன செய்வான்? மெத்தையிலேயே ஈரம் பண்ணிவிட்டான். பண்ணிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மெத்தைக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் உறையைக் கழற்றி, நனைந்த பஞ்சை எடுத்துப்போட்டு, புதுப்பஞ்சு அடைத்தார். பாவம் பிள்ளைக்கு வலிக்கிறதே என்று முன்னைவிட ஒரு பிடி கூடுதலாகவே உதிர்த்து, இன்னும் தளர்வாக அடைத்தார். அவன் எழ முடியாமல் போகப் போக, மெத்தை மிருதுவாகிக்கொண்டே போனது. மெத்தை மிருதுவாக ஆக ஆக, அவன் எழ முடியாமல் போனான். கிணற்றில் விழுந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றின கதைதான்.

டாக்டரம்மா சொன்னபடியெல்லாம் அவள் செய்தாள். ரொட்டியை நிறுத்தினாள். உப்பை வறுத்துத் துணியில் கட்டி, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்த பிறகே அவன் இடுப்பில் வைத்தாள். கறித் துண்டுக்குள் மாத்திரையை ஒளித்தாள். அவன் கறியைத் தின்றுவிட்டு மாத்திரையை மெத்தையில் துப்பினான். மெத்தைக்குள் போனது திரும்பி வருமா? வேறு மாத்திரை எடுத்துவந்தாள். ஆனால் ஒத்தடமும் மாத்திரையும் ஒரு பக்கம் ஏற்றினதை மெத்தை மறுபக்கம் இறக்கிக்கொண்டிருந்தது, அது அவளுக்கு எப்படித் தெரியும்?

மழை விடாத ஒருநாள், தம்பிக்காரன் அவனை வாசலிலிருந்து தூக்கிவந்து படுக்கவைத்துவிட்டு, போகாமல் நின்றான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"அக்கா, நான் ஒண்ணு சொல்வேன், கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல. தினமும் இவனைத் தூக்குறவன் நான். தூக்கும்போது என் கையில எப்படி நடுங்குறான்னு எனக்குத்தான் தெரியும். மாமா, நீங்க இவனை யாருக்காக வச்சிருக்கீங்க? இவனுக்காகவா, உங்களுக்காகவா?"

மெத்தைக்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே நூல் இருந்த ஊசி அது.

"திங்கக்கிழமை காலையில டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வரேன். வலிக்காதாம். ஒரு ஊசிதானாம். தூங்குற மாதிரியே உயிர் போயிடுமாம்."

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள். அவர் ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அந்த ஊசியை வாய்விட்டுச் சொல்லவில்லை. 'தம்பி கூட்டிட்டு வரேன்னான்ல' என்பாள் அவள். 'ம், கூட்டிட்டு வரட்டும்' என்பார் அவர். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை தூறலும் இல்லை, கொட்டலும் இல்லை. யாரோ பக்கத்து அறையில் அரிசி களைகிற மாதிரி ஒரே சத்தமாகப் பெய்துகொண்டிருந்தது. அவள் பின்கட்டில் கோழியை வேகவைத்துக்கொண்டிருந்தாள். வெண்ணெய்க்குப் போட்ட தடையை அன்றைக்கு எடுத்துவிட்டிருந்தாள். அந்த வாசனை பஞ்சு அறை வரைக்கும் வந்தது. முதலாளி மெத்தைக்குள் கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தான். மெத்தைக்காரர் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவன் தலையில் கையை வைத்தார். அவருக்கும் அவனுக்கும் நடுவே மெத்தையின் விளிம்பு மலை மாதிரி நின்றது. நாளைக்கு இந்நேரம் இந்த மெத்தை வெறுமையாகக் கிடக்கும். இதை யாருக்கும் விற்கப்போவதில்லை. விற்காத மெத்தைக்கு ஏது சட்டம்?

மெல்ல ஏறி அவன் பக்கத்தில் படுத்தார்.

அப்பா! என்ன சுகம் அது. எலும்பெல்லாம் கழன்று தனித்தனியாக மிதந்த மாதிரி இருந்தது. இத்தனை காலம் ஊரார் இதிலா படுத்தார்கள்? முதலாளியின் முதுகு அவர் நெஞ்சில் பட்டது. மழைச் சத்தம் தூரம் போனது, கோழி வாசனை தூரம் போனது. தூங்கிப்போனார்.

கனவில் வெள்ளை வெளி. தரையெல்லாம் பஞ்சு, வானமெல்லாம் பஞ்சு, நடுவில் கோடு இல்லை. தூரத்தில் முதலாளி குட்டியாக ஓடிக்கொண்டிருக்கிறான். இவர் கூப்பிட்டுக்கொண்டே போகிறார். முழங்கால் வரை பஞ்சு. இடுப்பு வரை பஞ்சு. குரல் வாயைவிட்டு வந்ததும் பஞ்சாகி மிதக்கிறது. அவன் ஓடுவது மாதிரித் தெரிந்ததே ஒழிய, கிட்டப் போனால் ஓடவில்லை. நாலு காலையும் உதைக்கிறான், நின்ற இடத்திலேயே நிற்கிறான். அவன் திரும்பிப் பார்த்தான். கடைக்கு வருகிறவர்கள் கேட்பதுபோல, சண்டையில்லாமல், சாதாரணமாகக் கேட்டான்: "ஏன்யா, இங்க தரையே கிடையாதா?"

விழித்துக்கொண்டார். ஜன்னல் வெளிச்சம் சாம்பல் நிறமாகியிருந்தது. எழலாம் என்று கையை ஊன்றினார். கை போனது. இன்னொரு கையை ஊன்றினார். அதுவும் போனது. முட்டியை மடக்கினார், அது ஊன்ற இடம் தேடிப் பஞ்சுக்குள் அலைந்தது. குப்புறவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. கவிழ்த்துப்போட்ட ஆமை மாதிரி ஆனார். முதலாளி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். இவரும் அவனைப் பார்த்தார். இரண்டு மூக்குக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. அவன் மூச்சு அவர் முகத்தில் பட்டது.

"அட," என்றார் மெத்தைக்காரர், "உனக்கு இப்படித்தானா இருந்துச்சு?"

ஒருவழியாக உருண்டார். தொப்பென்று வெறுந்தரையில் விழுந்தார். முழங்கை அடிபட்டது. ஆனால் விழுந்த இடத்தில் தரை இருந்தது. உள்ளங்கையை வைத்தார், நின்றது. முட்டியை வைத்தார், நின்றது. எழுந்தார். எழுந்து நின்று தன் உள்ளங்கையையே பார்த்தார், அது ஏதோ ஏமாற்றிவிட்ட மாதிரி.

சத்தம் கேட்டு அவள் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஏம்மா, இதுல ஒரு தடவை படு."

"என்னங்க, மத்தியானத்துல…"

"படும்மா. படுத்துட்டு எழுந்திரு."

அவள் வெட்கப்பட்டாள், முறைத்தாள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் படுத்தாள். படுத்தவள் எழப்பார்த்தாள். கரண்டி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். முதலில் சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரிக்கச் சிரிக்க இன்னும் உள்ளே போனாள். பிறகு பக்கத்தில் கிடந்த அவனைப் பார்த்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நாமதாங்க இவனைப் புதைச்சு வச்சிருக்கோம்," என்றாள்.

அவர் கை கொடுத்தார். அவள் வெளியே வந்தாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேலை. அவர் மூலையில் தேடினார். கழித்துப்போட்ட பழைய மெத்தைகளிலிருந்து எடுத்த கட்டிப்பஞ்சு அங்கே மூட்டையாகக் கிடந்தது. யாருக்கும் ஆகாதது, தூக்கிப்போட வைத்திருந்தது. அதை எடுத்தார். நடுவில் முரட்டு நாரைப் பரப்பினார். சாக்குத் துணியில் அடைத்தார். ஏறி நின்று மிதித்தார், அவளையும் மிதிக்கச் சொன்னார். இரண்டு பேரும் பஞ்சு அறையில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி மிதித்தார்கள். ஊசி போகவில்லை, சுத்தியால் தட்டி அனுப்பினார். நூலைக் காலால் உதைத்துக்கொண்டு இழுத்துக் கட்டினார். அவ்வளவு கெட்ட மெத்தையை அவர் வாழ்நாளில் தைத்ததில்லை. கையை வைத்து அழுத்தினார். கை அசையாமல் நின்றது.

"இதை வெளியாள் யாராச்சும் பாத்தா அப்புறம் நம்ம கடைப்பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டான்," என்றாள் அவள்.

"படுக்கவே வேணாம்மா. எழுந்திரிச்சாப் போதும்."

ரொம்ப உயரமில்லாமல், இறங்கக் கால் எட்டுகிற மாதிரிதான் தைத்திருந்தார். எலும்பு உறுத்தாமல் இருக்க மேலே ஒரு பழைய கம்பளியை மடித்துத் தைத்தாள் அவள். மிச்சமிருந்த சாக்கை நீள நீளமாக வெட்டி, படுக்கையிலிருந்து வாசல் வரைக்கும் தரையில் ஒட்டினாள். வழுக்காத ஒரு பாதை. முதலாளியை நீலக் கரை மெத்தையிலிருந்து எடுத்து இதில் விட்டபோது அவன் மோந்து பார்த்தான். பிடிக்கவில்லை. முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டான். கோழியையும் மாத்திரையையும் மட்டும் மறுக்கவில்லை.

இருவருக்கும் தெரியும், இது போதாமல் போகலாம். நோய் நோய்தான். மூழ்கிக் கிடந்த நாளில் கால் சதை வேறு வற்றியிருந்தது. நாளைக் காலை வண்டி வந்து நிற்கும்போது அவன் எழவில்லையென்றால் தம்பி சொன்னதுதான் நியாயம். அதை அவரே வாய்விட்டுச் சொன்னார். "அவனால முடியலைன்னா நான் தடுக்க மாட்டேம்மா." அவள் சாக்கின் ஓரத்தை இன்னொரு தடவை அழுத்தி ஒட்டினாள்.

காலையில் மழை நின்றிருந்தது. ஓடுகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. தம்பிக்காரன் இறங்கினான், டாக்டரம்மா இறங்கினார், அவர் கையில் ஒரு சின்னப் பெட்டி. இருவரும் செருப்பை விட்டுவிட்டு வாசலில் நின்றார்கள். யாரும் யாரையும் வா என்று கூப்பிடவில்லை.

முதலாளி காதைத் தூக்கினான்.

முன்னங்காலை ஊன்றினான். கால் நின்றது. அவனுக்கே ஆச்சரியம் போல; குனிந்து காலைப் பார்த்தான். இன்னொன்றையும் ஊன்றினான். நெஞ்சு எழும்பியது. பின்பக்கம் நடுங்கியது, பாதியில் நின்றது, கீழே போனது. அவள் கை தானாக நீண்டது. மெத்தைக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடும்மா. தரை இருக்கு."

மறுபடி முயன்றான். முனகல் கேட்டது. பின்னங்கால் மெத்தையை உதைத்தது, மெத்தை திருப்பி உதைத்தது. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது. நின்றான். கரையோரம் கட்டின படகு மாதிரி லேசாக ஆடிக்கொண்டே நின்றான். பிறகு இறங்கினான். சாக்குப் பாதையில் நடந்தான். துள்ளல் இருந்தது, கோணல் இருந்தது, ஆனால் அது அவன் நடை, யார் கையிலும் இல்லாத நடை. தம்பிக்காரனிடம் போய், அவனுடைய முழங்காலில் தன் தலையை முட்டினான் முதலாளி. அந்தப் பெரிய ஆள் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன மாமா பண்ணினீங்க?"

"கெட்ட மெத்தை தைச்சேன் மாப்ள."

டாக்டரம்மா உள்ளே வந்து இரண்டு மெத்தையையும் பார்த்தார். நீலக் கரை மெத்தையில் கையை வைத்தார். மணிக்கட்டு வரை போனதும் அவர் முகம் மாறியது.

"நல்ல மெத்தைன்னு மட்டும் சொன்னேன், இல்ல?"

"உங்க தப்பு இல்ல டாக்டரம்மா. எங்க தொழில் பாஷையில நல்லதுன்னா அதுதான்."

அவர் முதலாளியின் இடுப்பைத் தடவிப் பார்த்தார். இது குணமாகிற சங்கதி இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். தேய்ந்தது தேய்ந்ததுதான். நல்ல நாளும் வரும், எழ மாட்டேன் என்கிற நாளும் வரும். குளிரில் கூடும். மாத்திரையை நிறுத்தாதீர்கள், வெண்ணெயைத் தொடாதீர்கள், தினம் கொஞ்சம் நடத்துங்கள், சதை ஏறட்டும். இன்னொரு நாள் இதே பெட்டியோடு நான் வரவேண்டியிருக்கலாம், அப்போது என்னைத் திட்டாதீர்கள் என்றும் சொன்னார். மெத்தைக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். இந்த முறை எல்லாமே காதில் விழுந்தது. டாக்டரம்மா பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

முதலாளி அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டான். ஈர மண்ணில் நின்று எதிர்க் கம்பத்தைப் பார்த்தான். வழக்கப்படி பின்னங்காலைத் தூக்கலாமா என்று யோசித்தான். வேண்டாம் என்று முடிவு பண்ணி, நாலு காலும் தரையில் பதிய, பெட்டைநாய் மாதிரிக் கொஞ்சம் தாழ்ந்து, காரியத்தை முடித்துக்கொண்டான். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று மூக்கை உயர்த்தி, மழை விட்ட காற்றை நிதானமாக மோந்துகொண்டு நின்றான். மெத்தைக்காரரும் அவர் மனைவியும் கதவில் சாய்ந்து, அவன் திரும்பி வருகிற வரைக்கும் காத்திருந்தார்கள். அவன் அவசரப்படவில்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா. தூங்கினவர்கள் எழுந்திருங்கள், மெல்ல, முட்டியைப் பார்த்து. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கட்டும், பானை வற்றாதிருக்கட்டும். உங்கள் வீட்டில் இரண்டு காலில் நடக்கிறவர்களும் நாலு காலில் நடக்கிறவர்களும் விழாமல் நடக்கட்டும். விழுந்தாலும், ஊன்றின கைக்கு உங்கள் தரை நின்று கொடுக்கட்டும். உங்கள்மேல் பிரியம் வைத்தவர்கள் உங்களைத் தாங்கட்டும், மூழ்கடிக்காமல் தாங்கட்டும். நல்லபடியாக வீடு போய்ச் சேருங்கள்.